கரட்டில் ஒளித்த டப்பா

அக்டோபர் 2, திங்கள்

காலை 130/84. மாலை 128/80.

இந்த டைரி இரத்த அழுத்தம் எழுதுவதற்காக வாங்கியது. டாக்டர் அதை மட்டும்தான் எழுதச் சொன்னார். ஒரு பக்கத்தில் இரண்டு வரி போக மீதி வெறுமனே கிடப்பதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்கவில்லை. கணக்கு டீச்சர் புத்தி. அதனால் நானும் எழுதுகிறேன்.

அழுத்தம் எனக்கல்ல, என் வீட்டுக்காரர் தவமணிக்கு. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். ஜூலையில் ஆடிக் காற்றுக்குச் சாய்ந்த கம்பத்தை நிமிர்த்தப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கம்பத்தின் மேலே இல்லாமல் கீழே நின்றிருந்தார். அந்த ஒன்றுக்காகவே யாருக்காவது ஆயுசுக்கும் நன்றி சொல்லலாம். ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். இப்போது அலுவலகத்தில் நாற்காலி வேலை.

நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். மொட்டை மாடியில் நடக்கிறார். நானும் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன், துணி காய்ந்ததா என்று பார்க்க.

"செக்கு மாடு சுத்துனா எண்ணெயாவது வரும் வடிவு. நான் சுத்துறதுல என்ன வருது?" என்றார்.

"ஆயுசு வருது. பேசாம சுத்துங்க" என்றேன்.

குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். துருப்பிடித்திருந்தது. எட்டாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகள் கனிஷ்கா வந்து, "புதுசாத்தானேம்மா இருந்துச்சு" என்றாள். உன் வேலையைப் பார் என்று அனுப்பினேன்.

அக்டோபர் 6, வெள்ளி

126/82.

எங்கள் பள்ளி ஓவிய ஆசிரியை பெனடிக்டா திங்கட்கிழமைகளில் முகம் கறுத்து, கையெல்லாம் முள் கீறலோடு வருவார். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு எங்கேதான் போகிறார் என்று இன்றைக்குக் கேட்டுவிட்டேன்.

மதுரையைச் சுற்றி ஏழெட்டுக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு விளையாட்டு வைத்திருக்கிறார்களாம். லெட்டர்பாக்ஸிங் என்று பெயர். பெயரில் இருப்பதோடு சரி, தபாலுக்கும் அதற்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. தண்ணீர் புகாத டப்பா ஒன்றில், கையால் செதுக்கிய ரப்பர் ஸ்டாம்பும் ஒரு சின்ன நோட்டும் வைத்து, கண்மாய்க் கரையிலோ பாறைச் சந்திலோ ஒளித்துவிடுவார்கள். போகிற வழியை விடுகதை மாதிரி எழுதி வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். மற்ற குடும்பங்கள் அதைப் படித்துத் தேடிப் போக வேண்டும். கிடைத்தால், டப்பாவில் இருக்கும் ஸ்டாம்பைத் தங்கள் நோட்டில் குத்திக்கொண்டு, தங்கள் ஸ்டாம்பை டப்பா நோட்டில் குத்திவிட்டு, இருந்தது இருந்தபடி ஒளித்துவிட்டு வர வேண்டும்.

"பரிசு என்ன டீச்சர்?" என்று கேட்டேன்.

"அதான் சொன்னேனே, ஸ்டாம்பு" என்றார்.

வேலையற்ற வேலை என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். ராத்திரி தோசை ஊற்றும்போது வீட்டுக்காரரிடம் பேச்சுக்குத்தான் அதைச் சொன்னேன். அவர் பிட்ட தோசையைக் கையில் வைத்துக்கொண்டு, "மேட்டுல ஏறணுமா?" என்று கேட்டார். ஜூலைக்குப் பிறகு அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி மாதிரி இருந்தது. சமதரையிலும் இருக்கிறதாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 14, சனி

126/80. நாளைக்குப் போகிறோம். டாக்டரிடம் கேட்டாயிற்று. "தாராளமா போகலாம்" என்றார். அந்தத் தாராளம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆளுக்கொரு ஸ்டாம்பு வேண்டுமாம். அப்பாவும் மகளும் பெரிய அழிரப்பர் வாங்கி வந்து, பிளேடும் கையுமாக இரண்டு நாளாகக் கூடத்தைக் குப்பையாக்குகிறார்கள். கனிஷ்கா ஒரு பூனை செதுக்கினாள். பார்ப்பதற்கு எலி மாதிரி இருக்கிறது, சொல்லவில்லை. அவர் பல்பு செதுக்கினார். என்னையும் செதுக்கச் சொன்னார்கள். எனக்கு எதற்கு, பள்ளியில் நோட்டுத் திருத்தும்போது குத்துகிற ரப்பர் ஸ்டாம்பு கைப்பையிலேயே இருக்கிறதே என்று எடுத்துக் காட்டினேன். 'கவனம் தேவை' என்று இருக்கும். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்கிற மாதிரி அதில் என்ன இருக்கிறதோ.

செல்போன் இல்லாமல் கனிஷ்கா இரண்டு நாள் உட்கார்ந்திருந்ததை இப்போதுதான் கவனிக்கிறேன்.

அக்டோபர் 15, ஞாயிறு

எளிதான பெட்டி ஒன்றை பெனடிக்டாவே சொல்லியிருந்தார். ஊருக்கு வெளியே ஒரு கண்மாய். குறிப்பு இப்படி இருந்தது: 'மடையில் நின்று சூரியனுக்கு முதுகைக் காட்டு. நடக்கும்போது இடது கை ஈரமாகவும் வலது கை காய்ந்தும் இருக்கட்டும். தலை இல்லாத பனைமரம் உன்னைக் கூப்பிடும்.'

அரை மணி நேரம் மூன்று பேரும் சண்டை போட்டோம். காலையில் போனால் முதுகைக் காட்டுவது மேற்கே போவது, சாயங்காலம் போனால் கிழக்கே போவது, எழுதினவருக்கு இதுகூடத் தெரியாதா என்று நான் கத்தினேன். கனிஷ்காதான் கண்டுபிடித்தாள். இடது கை ஈரம் என்றால் தண்ணீர் இடது பக்கம் இருக்க வேண்டும், அப்படிக் கரையில் ஒரு திசையில்தான் நடக்க முடியும். கணக்கு டீச்சர் மகள் இல்லையா.

மொட்டைப் பனையின் அடியில், ஓட்டாஞ்சில்லு மூடிய பொந்தில் டப்பா இருந்தது. அவள் அதை எடுத்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன். மின்சாரம் போய்த் திரும்பி வரும்போது தெருப் பிள்ளைகளுக்கு வருமே, அந்தச் சிரிப்பு. உள்ளே ஒரு நாமக்கோழி ஸ்டாம்பு, நெற்றியில் வெள்ளை நாமத்தோடு கண்மாயில் நீந்துமே, அந்தப் பறவை. எங்கள் நோட்டில் குத்திக்கொண்டோம். எங்களுக்கு முன்னால் வந்தவர்களின் ஸ்டாம்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஆமை, மிதிவண்டி, மூக்குக் கண்ணாடி, மீன். முன்பின் தெரியாதவர்கள். எல்லோரும் இதே மரத்தடியில் இப்படித்தான் முட்டி போட்டிருப்பார்கள். எலியும் பல்பும் என் 'கவனம் தேவை'யும் அவர்களோடு சேர்ந்துகொண்டன.

திரும்பும்போது கரையில் உட்கார்ந்து எலுமிச்சைச் சோறு சாப்பிட்டோம். ஒரு மீன்கொத்தி மூன்று முறை குதித்து மூன்று முறையும் ஏமாந்தது. "நம்ம டிபார்ட்மெண்ட் ஆளு போல" என்றார் அவர்.

பதினாறு வருடமாக இந்தக் கண்மாயைத் தாண்டித்தான் பஸ்ஸில் போகிறேன். ஒரு நாளும் இறங்கினதில்லை.

அக்டோபர் 16, திங்கள்

122/78. நன்றாகத் தூங்கினார். நானும்.

அக்டோபர் 29, ஞாயிறு

124/80.

இரண்டாவது பெட்டி. 'வேப்பமரத்திலிருந்து தெற்கே' என்று குறிப்பு. போனால் அங்கே ஒரு வேப்பந்தோப்பே இருக்கிறது. மழை வேறு பிடித்துக்கொண்டது. மூன்று பேரும் ஒரு பாறை இடுக்கில் ஒண்டிக்கொண்டு, எழுதின குடும்பத்தைத் திட்டித் தீர்த்தோம். பெட்டி கிடைக்கவில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்தபோது மூன்று பேர் முகத்திலும் தோற்ற களை இல்லை.

நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை அவர் சட்டைப்பையிலும் என் பையிலும் வைத்திருந்தேன். மழையில் நனைந்த பையைக் காயப்போடும்போது கனிஷ்கா கேட்டாள்: "நீ எம் பைலயும் வச்சிருக்கம்மா. ஸ்கூல் பேக்லயும் இருக்கு. பென்சில் டப்பாலயும் இருக்கு. நான் ஸ்கூல்ல இருக்கும்போது அப்பாவுக்கு எப்படிம்மா குடுப்பேன்?"

கூடுதலாக இருந்தால் தப்பில்லை என்றேன்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. அதிரசம் கேட்டார், ஒன்று கொடுத்தேன். இன்னொன்றும் கொடுத்திருக்கலாம். இந்த வருடம் எத்தனை வீடுகளில் இந்த ஒரு நாள் வராமலே போயிருக்கும். எங்கள் வீட்டில் வந்தது.

நவம்பர் 19, ஞாயிறு

இன்றைக்கு எங்கள் சொந்தப் பெட்டியை ஒளித்தோம்.

உசிலம்பட்டி போகிற வழியில் உள்ளே தள்ளி, குதிரைக்கல் கரடு என்று ஒரு சின்ன மொட்டைக் குன்று. ஸ்டாம்பு அவர் செதுக்கினது. மூன்று கை வைத்த மின்கம்பம். ஒரு வாரம் உட்கார்ந்து, கம்பியின் தொய்வுகூடத் தெரிகிற மாதிரி செதுக்கியிருந்தார். உச்சியில் வைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. பாதிக் கரட்டில் ஒரு திட்டு வந்ததும் நான் நின்றுவிட்டேன்.

"இதுக்கு மேல வேணாங்க."

"கொஞ்ச தூரந்தான வடிவு. கம்பத்துல ஏறுறவனுக்கு இது ஒரு ஏத்தமா?"

"இப்ப ஏறுறீங்களா கம்பத்துல?"

கேட்டபிறகு, கேட்டிருக்க வேண்டாம் என்று பட்டது. அவர் அந்தத் திட்டிலேயே, சாய்ந்து கிடந்த ஒரு கல்லுக்குப் பின்னால் டப்பாவைச் செருகினார்.

அதே மாதிரி சாய்ந்த கல் பக்கத்தில் நாலைந்து இருந்தன. ஏதாவது அடையாளம் வேண்டும். பாறையில் பெயிண்ட் அடிக்கக்கூடாது, தோண்டக்கூடாது, செடியை ஒடிக்கக்கூடாது என்று குழுவில் சட்டம். சாக்பீஸ் மழைக்கு நிற்காது. காலையில் கோயிலுக்குப் போய்விட்டு வந்திருந்தோம். கனிஷ்கா அர்ச்சனைப் பையிலிருந்த மஞ்சளைக் குழைத்துக் கல்லில் வட்டமாகத் தடவி, நடுவில் குங்குமம் வைத்தாள். "நேச்சுரல் கலர்ம்மா" என்றாள். கெட்டிக்காரி என்று நானும் மெச்சினேன்.

மூன்று பேர் சேர்ந்திருக்கிறோம், ஒருவருக்குக்கூட உறைக்கவில்லை.

(மேலே உள்ள வரி டிசம்பர் 5 அன்று சேர்த்தது.)

டிசம்பர் 5, செவ்வாய்

124/80. அரையாண்டுத் தேர்வுக் கேள்வித்தாள் வேலை.

குழுவில் ஒரு குடும்பத்திலிருந்து செய்தி: 'உங்கள் வழிக்குறிப்பு சரியாக இருந்தது. ஆனால் அங்கே அம்மன் கோயில் இருக்கிறது. தெரியாமல் செருப்போடு நின்றுவிட்டோம். பெட்டியைத் தேடவில்லை, மன்னிக்கவும்.'

கோயிலா?

டிசம்பர் 10, ஞாயிறு

போய்ப் பார்த்துவிட்டோம்.

எங்கள் கல்லுக்குச் சிவப்புத் துணி கட்டியிருந்தது. வேப்பிலை மாலை. எலுமிச்சம்பழம். விளக்கு எரிந்த கரி. தரையைக் கூட்டித் தண்ணீர் தெளித்து, கோலம்கூடப் போட்டிருந்தார்கள். கனிஷ்கா, "அம்மா, என்னை அடிச்சுருவாங்களா?" என்று என் பின்னால் ஒளிந்தாள்.

விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். என் வயதுதான் இருக்கும். பெயர் ஒச்சம்மாள். அடிவாரத்து ஊர். நூறு நாள் வேலைக்கு வாய்க்கால் வெட்ட வந்தவர்கள், நிழலுக்கு மேலே ஏறினபோது பார்த்தார்களாம்.

"கும்புட வந்தீகளா? வாங்கத்தா. முத்திரையம்மா, புதுசா வந்தவ. கேட்டது குடுக்குறா" என்றாள்.

"முத்திரையம்மாவா?"

"முத்திரை வச்சிருக்காள்ல."

டப்பாவை எடுத்துக் காட்டினாள். மழை படாமல் பாலிதீனில் சுற்றி, மேலே திருநீறு பூசி வைத்திருந்தார்கள். இந்தப் பக்கத்து ஊர்களில் சாமியின் நகை, துணி எல்லாம் பெட்டியில்தான் இருக்கும், திருவிழாவில் அந்தப் பெட்டியையே சாமியாகத் தூக்கி வருவார்கள் என்பது எனக்கு அவள் சொல்லித்தான் தெரியும். அப்படிப்பட்ட ஊரில் கொண்டுபோய், மஞ்சள் தடவின கல்லுக்குப் பின்னால், பெட்டியை வைத்திருக்கிறோம். உள்ளே இருந்த நோட்டில் வருகிறவர்கள் வேண்டுதலை எழுதி, கீழே ஸ்டாம்பைக் குத்தியிருந்தார்கள். 'போர்ல தண்ணி வரணும்.' 'மகனுக்கு பாலிடெக்னிக்கில் சீட்டு கிடைக்கணும்.' 'மருமகன் குடியை விடணும், விட்டால் சேவல்.' ஒவ்வொன்றுக்கும் கீழே என் வீட்டுக்காரர் செதுக்கின மின்கம்பம். அதைச் சூலம் என்று நினைத்துவிட்டார்கள்.

சிரிப்பு வந்தது, பயமும் வந்தது. பொய்யை வளரவிட என்னால் ஆகாது. உள்ளதைச் சொல்லிவிட்டேன். இது சாமி இல்லை, விளையாட்டுக்கு நாங்கள் வைத்த டப்பா, மஞ்சள் என் மகள் தடவினது, மன்னித்துவிடுங்கள், எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம்.

ஒச்சம்மாள் திரியைச் சரிபண்ணிக்கொண்டே, "தெரியும்த்தா" என்றாள். "டப்பால வெலைச்சீட்டு ஒட்டிருந்துச்சுல்ல."

"தெரிஞ்சேவா கும்பிட்டீங்க?"

"பின்ன? ஊருல இருக்குற சாமியெல்லாம் பங்காளிக சாமி. பொட்டி தூக்குறது, திருநீறு குடுக்குறது, மொத மரியாத வாங்குறது அம்புட்டும் ஆம்பளைகதேன். நாங்க பின்னாடி நின்டு எட்டிப் பாக்கணும். இவ யாரு பங்கும் இல்ல. நாங்க பாத்தோம், நாங்களே வெளக்குப் போட்டோம், கைய வச்சு நாங்களே துடைக்கிறோம். இப்பப் போயி எடுத்துட்டுப் போறேன்டா எப்புடி? வேணும்டா அவகிட்டயே கேட்டுக்க."

அவர் சிரித்துவிட்டார். "இருக்கட்டும் வடிவு. நம்ம லைன்ல இருந்து கனெக்‌ஷன் போயிருச்சு. புடுங்க முடியாது."

அவர் உச்சியைப் பார்த்தார். அங்கே வேறொரு டப்பா வைத்தால் தேடி வருகிறவர்களுக்கும் ஆச்சு, இந்த அம்மாளுக்கும் தொந்தரவு இருக்காது என்றார். வெயில் ஏறுகிறது, வாங்க என்று கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். காலை மணி எட்டுதான்.

டிசம்பர் 16, சனி

டிரெட்மில் சோதனை. முழுசாக ஓடினார். டாக்டர், "என்னைவிட நல்லா இருக்கீங்க. கரடு, மலை எல்லாம் ஏறுங்க" என்றார். இன்னொரு டாக்டரிடமும் கேட்டுக்கொள்ளலாம் என்று நான் சொன்னதும், அவர் எனக்கு முன்னால் நடந்து போய் ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டார்.

டிசம்பர் 17, ஞாயிறு

இன்றைக்கு எங்கும் போகவில்லை. எனக்குத் தலைவலி என்று சொன்னேன்.

மத்தியானம் அவர் என் எதிரே வந்து உட்கார்ந்தார். "வடிவு, நீ இல்லன்னா நான் இன்னைக்கு இல்ல. அது எனக்குத் தெரியும். ஆனா நீ என்னையப் பாக்குற பார்வை இருக்கே, அதைப் பாத்தாத்தான் எனக்கு நெஞ்சு படபடங்குது. ஒரே ஒரு தடவ நீ பாக்காத எடத்துல நான் நடந்துட்டு வரணும்."

கனிஷ்காவும் வந்து நின்றுகொண்டு, "நானும் அப்பாவும் தனியா வெளிய போயி எவ்ளோ நாளாச்சும்மா" என்றாள்.

சமையலறைக்குப் போய்விட்டேன். விளக்க வேண்டிய பாத்திரம் கிடந்தது.

நான் அப்படி என்ன பார்வை பார்க்கிறேன்?

டிசம்பர் 20, புதன்

விடைத்தாள் கட்டு இரண்டு. ஒரு பையன் எல்லாக் கணக்கையும் சரியாகப் போட்டுவிட்டு, ஒவ்வொன்றையும் மறுபடி போட்டுப் பார்த்திருக்கிறான், மூன்று தரம், நாலு தரம். நேரம் போதாமல் கடைசிக் கணக்குகளை விட்டுவிட்டான். திருத்திக்கொண்டே இருந்தவள் பேனாவை வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் அவரிடம், ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று சொன்னேன். "உச்சிக்கு?" என்றார். தலையை ஆட்டினேன். வாயால் சொல்ல வரவில்லை.

டிசம்பர் 24, ஞாயிறு

இதைக் கரட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். டைரியைக் கையோடு கொண்டுவந்தது நல்லதாயிற்று. கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருக்கிறது.

திட்டு வரை சேர்ந்து ஏறினோம். ஒச்சம்மாளும் இரண்டு பெண்களும் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். போரில் தண்ணீர் வந்துவிட்டதாம். அவர் புது டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு, "வரட்டா?" என்றார். போயிட்டு வாங்க என்றேன். மெதுவாக, பார்த்து, நின்று நின்று என்று வாயில் வந்ததையெல்லாம் விழுங்கிவிட்டேன். கனிஷ்கா முன்னாலும் அவர் பின்னாலுமாக ஏறினார்கள். பெரிய பாறை ஒன்று வந்தது. முதலில் அவள் மறைந்தாள். பிறகு அவர் தலை, முதுகு, கடைசியாகக் கால். அவ்வளவுதான். இப்போது வெறும் பாறை.

பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன். ஜூலையிலிருந்து ஒவ்வொரு நாளும் பயமாகத்தான் இருந்தது. அவர் தூங்கினால் பயம், இருமினால் பயம், பத்து நிமிடம் சத்தமே இல்லாமல் இருந்தால் அதைவிடப் பயம். அந்தப் பயத்தைத்தான் அவருக்கு மூன்று வேளையும் ஊட்டியிருக்கிறேன். அவரும் பாவம், முகம் கோணாமல் சாப்பிட்டிருக்கிறார்.

மேலே இருந்து ஒரு சத்தமும் இல்லை. எழுந்து பார்க்கலாம் என்று கால் துடிக்கிறது. உட்கார்ந்திருக்கிறேன்.

பெண்கள் பொங்கலை இலையில் எடுத்துக் கல்லுக்கு முன்னால் வைத்தார்கள். ஒச்சம்மாள், "நீயும் வாத்தா" என்றாள். நான் அசையவில்லை. என் மகள் என் கண் முன்னால் தடவின மஞ்சள். கடைத்தெருவில் நான் பேரம் பேசி வாங்கின டப்பா. இதைப் போய்க் கும்பிட எனக்கென்ன கிறுக்கா என்றுதான் நினைத்தேன். நினைத்துக்கொண்டே எழுந்து போய்க் கையைக் கூப்பினேன். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

ஒச்சம்மாள் நோட்டையும் பேனாவையும் நீட்டினாள். "என்ன கேட்ட? எழுதிப்புட்டு முத்திரையக் குத்து. அப்பத்தேன் சேரும்."

"எதுவும் கேக்கல. நன்றி சொன்னேன்" என்றேன்.

அவள் பாறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "ஒன் வீட்டுக்காரரு இன்னும் எறங்கி வரலையேத்தா. அதுக்குள்ள என்ன நன்றி?"

"இவ்வளவு நாள் இருந்தாருல்ல. அதுக்கு."